பெரிய வீட்டுக்கு ஒரு பொங்கல் பயணம்

எழில்மொழி எடுக்கும் முதல் வகுப்பு எப்போதும் கழிப்பறையில்தான் தொடங்கும்.

"கும்பகோணத்துலேர்ந்து வேளாங்கண்ணிக்கு ஒரு பஸ் நிறைய ஆளுங்களக் கூட்டிட்டுப் போறீங்க. பாதிப் பேருக்கு சர்க்கரை வியாதி. எங்கெங்க நிறுத்துவீங்க?" என்று கேட்பாள்.

மாணவர்கள் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களே பஸ் ஏறிப் போய், எந்த ஊரில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது வரை பார்த்து வர வேண்டும். கோவில் நடை பகலில் சாத்தியிருக்கும் நேரத்தில் கூட்டத்தை எங்கே உட்கார வைப்பது, சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் என்றைக்கு உலை மூட்டுவார்கள், திருப்பனந்தாளில் மதியச் சாப்பாடு கிடைக்குமா என்று எல்லாவற்றையும் கால் வலிக்க அலைந்து தெரிந்துகொண்ட பிறகுதான் விளம்பரத்துக்குப் பேனா எடுக்க விடுவாள். விளம்பரத்தில் தெரியாததை எழுதக் கூடாது, தெரிந்ததை மறைக்கவும் கூடாது. "நீங்க மறைச்சத வந்தவங்க கண்டுபிடிச்சு ஊருக்கே சொல்லுவாங்க" என்பாள்.

அவள் இதை விரும்பித் தேர்ந்தெடுத்துப் படித்தவள் அல்ல. கல்லூரியில் சேரப் போன அன்று மற்ற பிரிவுகளெல்லாம் நிரம்பிவிட்டன. சுற்றுலாப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா அம்சம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் படிக்க வைத்தாள். படித்து முடித்து, கும்பகோணத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆசிரியை ஆனாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலையைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமலும் விடலாம். வாழமங்கலத்துக் காலனித் தெருவிலிருந்து கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகும் முதல் ஆள் அவள்தான். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாரும் இப்போது கேட்பதில்லை.

கடைசி வருட மாணவர்கள் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறைக்கு ஒரு டெல்டா பயணம் தயாரிப்பார்கள். வழி, கட்டணம், தங்குமிடம், சுவரொட்டி, ஒரு சிறிய வீடியோ எல்லாம் அதில் உண்டு. எல்லாமே காகிதத்தோடு சரி, யாரும் போனதில்லை. இந்த முறை கல்லூரி முதல்வர் பஞ்சநதம் அவளைக் கூப்பிட்டு, "நெசமாவே ஆளுங்க வரப்போறாங்கம்மா" என்றார். "நம்ம செயலாளருக்குச் சொந்தக்காரர் ஒருத்தர், சதீஷ்னு பேரு, சிங்கப்பூர்லேர்ந்து வந்து தாத்தா காலத்து வீட்ட விடுதியாக்கியிருக்கார். கதிர்மனைனு பேர் வெச்சிருக்கார். பொங்கலுக்கு நம்ம பசங்க போடற திட்டத்தத்தான் நடத்தப் போறார். எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்?"

அவள் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களைச் சொல்லிப் பார்த்தாள்.

"உங்க வாழமங்கலந்தான். நல்லதாப் போச்சு."

அந்த வீட்டைக் காலனித் தெருக்காரர்கள் பெரிய வீடு என்பார்கள். அதன் முன்பக்கத்தை எழில்மொழி தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறாள். உள்ளே போனதில்லை. அம்மாவின் அப்பா அந்த வீட்டில் பண்ணையாளாக இருந்து அடிபட்டு இறந்தார் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசியதில் அரையும் குறையுமாகக் காதில் விழுந்தது. அம்மா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அவள் முதல்வரிடம் சொல்லியிருக்கலாம். ஜூன் மாதத்தை நினைத்துச் "சரிங்க சார்" என்று வந்துவிட்டாள்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். "பெரிய வீட்ட விடுதி ஆக்கியிருக்காங்கம்மா. எங்க காலேஜ் பசங்க பாக்க வர்றாங்க."

"வரட்டும்" என்றாள் அம்சம்.

கார்த்திகைக் கடைசியில் போனார்கள். சம்பா கதிர் பால் பிடித்து நின்றது. வரப்பெல்லாம் சேறு. சதீஷ் வாசலுக்கே வந்து எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தான். நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவன். கூடம், ஊஞ்சல், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் நெல் பத்தாயம் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கொல்லைப்புறம் அழைத்துப் போனான். பழைய நெல்லடிக்கும் களத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் கட்டியிருந்தார்கள். களத்தின் ஓரத்தில் ஒரு கல்தூண் நின்றது.

"ஜோடியா வர்றவங்க இங்க நின்னு போட்டோ எடுத்துக்கலாம்" என்றான் சதீஷ். "அப்புறம் ஒரு ஐட்டம் யோசிச்சிருக்கேன். 'ஒரு நாள் பண்ணையாள்'. தலையில துண்டு, கையில நாத்துமுடி, மத்தியானம் கஞ்சி. சென்னைக்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். எழில்மொழி தூணைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அறைகளை அளந்து, கழிப்பறைகளை எண்ணச் சொல்லி அவர்களை உள்ளே அனுப்பினாள்.

அந்த வகுப்பில் அனுராதா கொஞ்சம் துடியான பெண். மன்னார்குடிப் பக்கம் சொந்த நிலமுள்ள குடும்பம். "வீட்டப் பத்தி வயசானவங்க யாராவது பேசினா வீடியோ நல்லாருக்கும் சார்" என்று சதீஷிடம் கேட்டாள். அப்பா கோவிந்தராசு பேசுவார், ஆனால் கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரில் இருக்கிறார் என்றான் அவன். அனுராதா விடவில்லை. எழில்மொழி மதியச் சாப்பாட்டு ஏற்பாட்டில் இருந்த நேரத்தில், வகுப்புத் தோழன் பிரபுவைக் கூட்டிக்கொண்டு, வாய்க்கால் தாண்டிக் காலனித் தெருவுக்குப் போய்விட்டாள். பெரிய வீட்டில் பழைய காலத்தில் வேலை பார்த்தவர்கள் யார் என்று கேட்க, தெருக்காரர்கள் ஒரு வீட்டைக் கைகாட்டினார்கள். உள்ளே போனபோதுதான் சுவரில் எழில்மொழியின் பட்டமளிப்புப் படம் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அனுராதா துறை அறைக்கு வந்து போனை நீட்டினாள். "மேம், உங்க அம்மான்னு தெரியாமத்தான் போனேன். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

வீடியோவில் அம்சம் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. கையும் நிற்கவில்லை.

"களத்துல ஒரு கல்தூண் நிக்குதே, பாத்தியா பாப்பா?"

"பாத்தோம்மா" என்றது அனுராதாவின் குரல்.

"அதுலதான் எங்கப்பாவக் கட்டினாங்க. எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்கம்மாவுக்குப் பேறுகாலம், ராவெல்லாம் வலி. அப்பா விடியக்காலம் ஏர் பூட்டப் போகல. வெயில் ஏறித்தான் போனாரு. சவுக்கால அடிச்சாங்க. அப்புறம் சாணியக் கரைச்சு வாயில ஊத்தினாங்க. நா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னேன். அப்பா கத்தல. கத்தினா இன்னும் விழும்னு அவருக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"நடந்துதான் வந்தாரு. வந்து படுத்தவரு எந்திரிக்கல, மூணாம் நா போயிட்டாரு. பொறந்த பிள்ளயும் தங்கல. அம்மா அந்த வீட்டு வயலுக்கே நடவுக்குப் போச்சு. வேற எங்க போறது?"

அம்சம் முறத்தைத் தட்டி, கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"இதெல்லாம் எங்க மேமுக்குத் தெரியுமா?"

"அதுகிட்ட நா சொன்னதில்ல. நீ கேட்ட, சொன்னேன். அது கேக்கல."

எழில்மொழி போனைக் கவிழ்த்து வைத்தாள். அறையில் வேறு ஆசிரியர்களும் இருந்ததால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"வெச்சுக்கலாமா மேம்?" என்றாள் அனுராதா பின்னாலிருந்து. "சதீஷ் சாருக்குப் பிடிக்காது. ஆனா பண்ணையாள் வேஷம் போடற அந்த ஐட்டத்த நாங்க எழுத மாட்டோம். அதுக்குப் பதிலா அங்க நடந்தத ஒரு பலகையில எழுதி வைக்கலாம். வர்றவங்கள வயலுக்குக் கூட்டிட்டுப் போற வேலைய உங்க தெருப் பொம்பளைங்களுக்கே குடுக்கலாம். அதுவும் ஒரு திட்டந்தானே?"

நல்ல திட்டம் என்று எழில்மொழிக்குப் பட்டது. இத்தனை வருடத்தில் ஒரு மாணவி தந்த திட்டங்களிலேயே நேர்மையானது என்றும் பட்டது.

"அம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "அனுராதா எடுத்ததப் பாத்தேம்மா" என்றாள்.

"ம்."

"எல்லார் முன்னாடியும் போடலாமான்னு கேக்குறா."

"போடட்டும். பொய் ஒண்ணும் சொல்லலியே."

அதற்கு மேல் அம்மாவிடம் பேச அவளுக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் அனுராதாவிடம், "வை. தூணைக் காட்டற எடத்துலயே வை" என்றாள்.

மார்கழியில் கல்லூரி அரங்கில் திட்டத்தை வாசித்தார்கள். செயலாளர், பஞ்சநதம், சதீஷ் முன்வரிசையில் இருந்தார்கள். சதீஷுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோவிந்தராசு. எண்பதை நெருங்கும் வயது. வீடியோவின் முதல் பாதியில் சுவாமிமலைப் பட்டறையில் உருகிய உலோகம் அச்சில் இறங்கியது, வேளாங்கண்ணிக் கடற்கரையில் குழந்தைகள் ஓடினார்கள், வாழமங்கலத்து வயல் பச்சையாக அசைந்தது. கைதட்டல் எழுந்தது. பிறகு களம் வந்தது, தூண் வந்தது, அம்சத்தின் குரல் வந்தது.

முடியும் முன்பே கோவிந்தராசு மகனின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"இது அம்சத்தோட குரல்தானே" என்றார். சத்தம் போடவில்லை. "அவ அப்பன் காய்ச்சல்ல செத்தான். எனக்குத் தெரியும். நானும் அந்த வீட்டுலதான இருந்தேன்."

சதீஷ் அவரை நடத்திக் கூட்டிப் போனான். போகும்போது எழில்மொழியைத் திரும்பிப் பார்த்தான். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அந்த முகத்தில் இருந்தது.

அது அரங்கத்தோடு நின்றிருக்கும். ஆனால் பிரபு வீடியோவை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். பொழுது விடிவதற்குள் மாவட்டமெங்கும் போய்விட்டது. கதிர்மனையில் பொங்கலுக்கு அறை எடுத்திருந்தவர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். மாலையில் மோட்டார் சைக்கிள்கள் காலனித் தெரு முனையில் வந்து நின்று உறுமிவிட்டுப் போயின. தெருவிளக்கை யாரோ கல்லெறிந்து உடைத்தார்கள். விடுதியில் கூட்டிப் பெருக்கப் போய்க்கொண்டிருந்த தெருப் பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறுவடைக்கு இந்தத் தெரு ஆட்கள் யாரும் தேவையில்லை, மிஷினே போதும் என்றும் செய்தி வந்தது.

பக்கத்து வீட்டு மருதையன் ஒரு காலை அவளைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தார். தூரத்து உறவில் அவளுக்குச் சித்தப்பா.

"நடந்தது உண்மதான் எழிலு. எங்கப்பனும் அந்தத் தூண்ல நின்னவன்தான்" என்றார். "ஆனா நீ பஸ் ஏறிப் போயிடுவ. நாங்க அவங்க வயலுக்குத்தான் போயி நிக்கணும். யோசிச்சியா?"

அவள் யோசித்திருக்கவில்லை. தன் வேலையை மட்டுமே பணயம் வைத்ததாக நினைத்திருந்தாள்.

கல்லூரியில் பஞ்சநதம் கதவைச் சாத்தச் சொன்னார். அனுராதாவை அவள் அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார் என்றார். அந்தக் குழுவில் இருந்த எல்லோருடைய மதிப்பெண்ணையும் செயலாளர் நிறுத்தி வைத்திருந்தார்.

"அவதூறுன்னு கேஸ் போடப் போறாங்களாம். பசங்க பேரும் வரும். இந்த வருஷம் அவங்க டிகிரி போச்சு. உங்க அம்மா ஒரு நிமிஷம் பேசினா எல்லாம் முடிஞ்சிடும்மா. வயசாயிடுச்சு, ஞாபகப் பிசகுன்னு சொன்னாப் போதும்."

"அது ஞாபகப் பிசகு இல்ல சார்."

"எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஜில்லாக்காரன்தான். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் அன்று மூன்று பஸ்களை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினாள். வீட்டில் அம்சம் விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எழில்மொழி பையைக் கூட இறக்கி வைக்கவில்லை.

"அம்மா, பசங்களுக்கெல்லாம் மார்க் போடாம வெச்சிருக்காங்க. தெருவுலயும் யாருக்கும் வேல இல்ல."

"கேள்விப்பட்டேன்."

"நீ மாத்திச் சொன்னா விட்டுடுவாங்களாம்."

அம்சம் கஞ்சி முழுவதும் வடியும்வரை பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

"நீ என்ன சொல்ற?"

எழில்மொழி தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பிள்ளைகளின் முகம் வந்தது, மருதையன் வந்தார், ஜூன் மாதமும் வந்தது. எது முதலில் வந்தது என்று பின்னால் எவ்வளவோ முறை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லிடும்மா" என்றாள்.

"என்னன்னு சொல்லணும்?"

"காய்ச்சல்ல போனார்னு."

அம்சம் தலையாட்டினாள். சோறு போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

ஊராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். அம்சம் துவைத்து மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டி வந்தாள். சதீஷ் நாற்காலியைத் துடைத்து, "இப்படி உக்காருங்கம்மா" என்றான். ஊராட்சி ஆட்கள் இரண்டு பேரும் மருதையனும் நின்றார்கள். எழில்மொழி தாழ்வாரத்துத் தூணோடு தூணாக ஒதுங்கி நின்றாள்.

"எங்கப்பா காய்ச்சல்ல செத்தாரு. எனக்கு வயசாயிடுச்சு. ஏதோ நெனப்புல சொல்லிட்டேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. காத்து அடிக்குது, சரியா விழல" என்றான் சதீஷ்.

அம்சம் மறுபடியும் சொன்னாள். இந்த முறை குரல் தெளிவாக இருந்தது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. முடித்துவிட்டு மகளைப் பார்த்து, "போதுமா?" என்றாள்.

பதில் சொன்னது சதீஷ்தான். "போதும்மா. ரொம்ப நன்றி."

மதிப்பெண் வந்தது. பொங்கலுக்குக் கதிர்மனை நிறைந்தது. தலையில் துண்டு கட்டிய விருந்தாளிகள் வாய்க்கால் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அறுவடைக்குப் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பாதிப் பேரைத்தான். உடைந்த தெருவிளக்கை ஊராட்சி மாற்றவில்லை.

ஜூன் மாதம் கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து அவளே போன் செய்தாள். இந்த வருடம் சுற்றுலாப் பிரிவில் சேர்க்கை குறைவு, பார்த்துச் சொல்கிறோம் என்றார் பஞ்சநதம். பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

அனுராதாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. புது எண்ணிலிருந்து அனுப்பியிருந்தாள். "மேம், எனக்கு மார்க் வேணும்னு நான் கேக்கவே இல்லையே." எழில்மொழி பதில் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசவில்லை.

எழில்மொழி இப்போது தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் மைதீன் நடத்தும் டிராவல்ஸில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நவக்கிரகக் கோவில்களுக்கு, வேளாங்கண்ணிக்கு, நாகூருக்கு என்று பயணத் திட்டம் போடுகிறாள். அவள் போடும் திட்டத்தில் எந்த வண்டியும் சாத்திய கோவில் வாசலில் போய் நின்றதில்லை என்று காதர் மைதீன் எல்லோரிடமும் சொல்வார். யாராவது கதிர்மனையைக் கேட்டால் முதலில் இடமில்லை என்று சொல்லிவந்தாள். கேட்டவர்களில் ஒருவர் நேராக அங்கே போன் செய்து, அறை காலியாக இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்து சத்தம் போட்டார்.

அவர் போன பிறகு காதர் மைதீன், "ஏன்னு நான் கேக்கலம்மா. ஆனா நம்ம பேரு கெட்டுடும்ல" என்றார்.

அதற்குப் பிறகு கேட்டவர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கிறாள்.

அம்சம் தஞ்சாவூருக்கு வர மறுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழில்மொழிதான் ஊருக்குப் போகிறாள். அம்மா கோபமாக இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. மீன் குழம்பு வைக்கிறாள், மருந்து வாங்கி வந்தாயா என்று கேட்கிறாள், ரேஷனில் பருப்புப் போடவில்லை என்கிறாள். ஆடியில் ஒருநாள், ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்காலுக்கு விதை தெளித்திருந்த நேரம், எழில்மொழி மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, தாத்தாவுக்கு என்ன ஆச்சுன்னு எங்கிட்டயும் சொல்லேன்."

"காய்ச்சல்ல போனாரு" என்றாள் அம்சம்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவளை வருத்தச் சொன்னதாகவும் தெரியவில்லை. மிளகாய் வற்றலின் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். எழில்மொழி மறுபடியும் கேட்டாள். அம்மா அதையே சொன்னாள். பிறகு, மழை வரும் போலிருக்கிறது, கொடியில் கிடக்கும் துணியை எடு என்றாள்.

எழில்மொழி துணிகளை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.